பெங்களூரில் முன் பிரேக் பேடு: ஜே.சி. ரோட்டில் வாங்கி நாமே மாற்றுவது

சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் ஊர்ந்து ஊர்ந்தே ஓடும் காரில் சீக்கிரம் தேய்வது கிளட்சும் முன் பிரேக் பேடும். கிளட்ச் மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அது பட்டறை வேலை. முன் பேடு அப்படியில்லை. ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் செட், சி கிளாம்பு இருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். நம் தெருக்களில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில், மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். புதுப் பேடில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். வீல் இடுக்கில் டார்ச் அடித்தால் தெரிவது வெளிப்பக்கப் பேடு மட்டும். பல கார்களில் உள்பக்கப் பேடுதான் முன்னே தேயும்; வீலைக் கழற்றிப் பார்க்காமல் "இன்னும் இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். பிரேக் அழுத்தும்போது கீச்சென்று தொடர்ந்து சத்தம் வந்தால், பேடில் எச்சரிக்கைக்கென்றே வைத்த சின்னத் தகடு, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கைத் தொடுகிறது என்று அர்த்தம். கரகரவென்று கேட்டால் பேடு முழுக்கத் தீர்ந்து இரும்பு இரும்பை அரைக்கிறது. அப்போது டிஸ்க் செலவும் சேர்ந்துவிடும்.

பேடு தேயத் தேய பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்குவது இயல்பு. இடையில் யாராவது அதை நிரப்பி வைத்திருந்தால், புதுப் பேடு போடும்போது ஆயில் மேலே வந்து வழியும். பட்ட இடத்தில் பெயிண்டை உரித்துவிடும்.

ஸ்பேர் வாங்க டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் ஜே.சி. ரோடு. வார நாளிலோ சனிக்கிழமையோ போங்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் காலிபர் (பேடைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மாறியிருக்கும், பேடின் வடிவமும் மாறும். ஆர்.சி.யில் உள்ள எழுத்தும் எண்ணுமாக 17 இடம் கொண்ட சேசிஸ் நம்பரைக் காட்டி பார்ட் நம்பர் எடுக்கச் சொல்லுங்கள். பழைய பேடின் போட்டோவும் கையில் இருக்கட்டும். கார் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வருவதை வாங்கலாம். ரானே, பாஷ் போன்ற பெயருள்ள தயாரிப்பாளர்களின் பேடும் நம்பகமானதே. பெயரில்லாத லோக்கல் ஐட்டம் பிரேக்குக்கு வேண்டவே வேண்டாம். ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். அளவு சேராவிட்டால் மாற்ற அதுதான் சாட்சி. சிவாஜி நகர் பழைய ஸ்பேர் கடைகளில் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, லைட் தேடலாம். பிரேக் சாமான் ஒன்றுகூட அங்கே வாங்கக் கூடாது.

பேடு நான்கும் ஒரே செட்டாக, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கும்.

இனி வேலை. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாய்வில்லாத இடம் பிடியுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கி, உடனே ஸ்டாண்டு. காருடன் வரும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையோ தலையோ வைக்கக் கூடாது.

வீலைக் கழற்றியதும் காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, காலிபரை மேலே மடக்கிக் கம்பியால் கட்டுங்கள். ஆயில் வரும் ரப்பர் குழாயான பிரேக் ஓஸில் தொங்க விட்டால் ஓஸ் உள்ளே கிழியும். பழைய பேடுகளை எடுக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள்; எச்சரிக்கைத் தகடு எந்தப் பக்கம் இருந்தது என்பது பிறகு நினைவிருக்காது. தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கும் மாற்ற வேண்டும்.

அடுத்தது, காலிபருக்குள்ளிருந்து பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளுவது. ஆயில் டப்பா மூடியைத் திறந்து, மட்டம் மேலே இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். அவசரப்பட்டுக் கோணலாகத் தள்ளினால் சீல் கெடும்.

பட்டறைகளில் அவசரத்தில் விட்டுப்போவது காலிபர் நகரும் இரண்டு பின்கள். அவற்றை வெளியே எடுத்துத் துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் லேசாகத் தடவிப் போடுங்கள். சாதாரண வீல் கிரீஸ் தடவினால் ரப்பர் உறை ஊதிவிடும், அந்தப் பின்கள் நகராமல் இறுகும். பின் இறுகினால் பிரேக்கை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஒரு வீல் மட்டும் கொதிக்கும். கழற்றிய பேடுகளில் உள்ளும் வெளியும் தேய்மானம் பெரிதாக வித்தியாசப்பட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இந்தப் பின்தான். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ கிரீஸ் படவே கூடாது.

புதுப் பேடை உட்கார வைத்து, காலிபரை இறக்கி, போல்ட்டை மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்குங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். மறுபக்கத்தையும் முடித்து ஆயில் மூடியைப் போடுங்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள்: வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி நேராகத் தரைக்குப் போகும். பேஸ்மென்ட்டில் தூணில் மோதுவது இப்படித்தான். பிறகு ஆயில் மட்டம் பார்த்து, குறைந்திருந்தால் மூடியில் எழுதியிருக்கும் வகையையே, புதிதாக உடைத்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். திறந்து வைத்த பழைய டப்பா காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும்.

புதுப் பேடு டிஸ்க்கோடு நன்றாகப் பொருந்த, அதிகாலையில் ஆளில்லாத லேஅவுட் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை பிரேக் பிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆற விடுங்கள். முதல் 200 கிலோமீட்டர் திடீர் பிரேக்கைத் தவிர்ப்பது நல்லது. 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் லைனில் காற்று புகுந்திருக்கிறது; அந்த வண்டியை ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

கைவேலை வேண்டாம் என்பவர்கள் பேடை வாங்கிக்கொண்டு, வீட்டருகே உள்ள பட்டறையில் "லேபர் மட்டும் எவ்வளவு?" என்று முன்பே பேசிக்கொள்ளலாம். பின்களைக் கழற்றிக் கிரீஸ் போடுவதையும் அந்தக் கூலியில் சேர்த்துக் கேளுங்கள். பழைய பேடுகளைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.