ஸ்பார்க் பிளக் வீட்லயே மாத்தப் போறீங்களா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணிடாதீங்க

பிளக் கழட்டுறப்போ சொதப்புறவங்களை விட மாட்டுறப்போ சொதப்புறவங்கதான் அதிகம்னு நினைக்கிறேன், ஏன்னா நானே அந்த ரகம்தான். முதல் தடவை மாத்தினப்போ மூணாவது சிலிண்டர்ல புது பிளக்கை உள்ள விட்டு நேரா ராட்செட்டைப் (கிர்ர்னு திருப்புற ஸ்பேனர் கைப்பிடி) போட்டு சுத்தினேன், ரெண்டு சுத்துக்கே இறுகுச்சு, சரி உள்ள கரி பிடிச்சிருக்கும்போலனு இன்னும் கொஞ்சம் பலம் குடுத்தேன். மறுபடி வெளிய எடுத்துப் பாத்தா பிளக் மரையில மினுமினுன்னு அலுமினியத் துகள். பிளக் மாட்டுற சிலிண்டர் ஹெட்டோட (இன்ஜினோட மேல் பாகம்) மரையே போச்சு. அப்புறம் அந்த ஓட்டையைப் பெருசாக்கி புது மரை வெட்டி உள்ள இன்சர்ட் வச்சு சரி பண்ண வேண்டியதாப் போச்சு, நாலு பிளக் வாங்குன காசெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

அதனால மாட்டுறப்போ ராட்செட் பக்கமே போகாதீங்க. பிளக்கை சாக்கெட்ல (பிளக் மேல மாட்டுற குழல் மாதிரி ஸ்பேனர்) சொருகி, எக்ஸ்டென்ஷனை (நீட்டுக் கம்பி) மட்டும் மாட்டி, விரலால சுத்துங்க. முதல்ல கழட்டுற திசையில மெதுவா ஒரு சுத்து, ரெண்டு மரையோட வாயும் சேர்ற இடத்துல லேசா 'டக்'னு ஒரு இறக்கம் விரலுக்குத் தெரியும், அங்கருந்து டைட் பண்ற திசைக்குத் திருப்புங்க. கடைசி வரைக்கும் விரல் பலத்துலயே போகணும், பாதியில இறுகுச்சுன்னா கோணலா போகுதுன்னு அர்த்தம், எடுத்துட்டு திரும்ப விடுங்க. எனக்கு இப்போ பிடிச்ச வழி ரப்பர் ஹோஸ்தான், பிளக் தலையில இறுக்கமா உக்கார்ற மாதிரி ஒரு சாண் துண்டு போதும், பிளக் கோணலா போனா ஹோஸ் வழுக்கிட்டு சும்மா சுத்தும், மரையைக் கெடுக்குற அளவுக்கு அதுக்கு பலம் கிடையாது.

அடுத்தது டைட் பண்றது. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்துல இறுக்குறோம்னு அளக்குற ஸ்பேனர்) இருந்தா வண்டி மேனுவல்ல போட்டிருக்கிற அளவை அப்படியே வைங்க. அலுமினியம் ஹெட்ல, வாஷர் வச்ச 14 மி.மீ. மரை பிளக்குக்கு பொதுவா 25-30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைன்னா 15-20 தான். ரெஞ்ச் இல்லையா, புது வாஷர் பிளக் கையால முழுசா உக்காந்த அப்புறம் அரை சுத்துலருந்து முக்கால் சுத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும், அந்த வாஷர் நசுங்குறது கையிலயே தெரியும். வாஷர் இல்லாம கூம்பு மாதிரி உக்கார்ற பிளக்குக்கு இந்தக் கணக்கைப் போட்டீங்கன்னா அடுத்த தடவை கழட்ட வராது, அதுக்கு ஒரு சுத்துல பதினாறுல ஒரு பங்கு போதும், சும்மா ஒரு தட்டு தட்டுற மாதிரி. பயந்துக்கிட்டு லூசா விடுறதும் தப்புதான், பிளக்கோட சூடு ஹெட் வழியாத்தான் வெளிய போகணும், சரியா உக்காரலன்னா பிளக் ஓவர்ஹீட் ஆகும்.

மரையில ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்காம இருக்கப் பூசுற பசை) தடவச் சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. இப்போ வர்ற நிறைய பிளக்ல மரைக்கு ஏற்கனவே பூச்சு இருக்கு, என்ஜிகே மாதிரி கம்பெனிகளே தடவாதீங்கன்னுதான் சொல்றாங்க. வழுவழுப்பு கூடினா அதே டார்க்குக்கு பிளக் அதிகமா இறுகிடும், மரை இழுபடும்.

கழட்டுறப்போ சூடான இன்ஜின்ல கை வைக்காதீங்க, நைட்டு நிறுத்திட்டு காலைல பண்ணுங்க, சூட்டுல அலுமினியம் மரை பிளக்கோடயே பிய்ச்சுக்கிட்டு வர வாய்ப்பு இருக்கு. பிளக் மேல உக்காந்து அதுக்கு கரண்ட் குடுக்குற இக்னிஷன் காயிலை எடுத்ததும் பிளக் இருக்கிற குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, மண்ணும் காஞ்ச இலையும் இருக்கும், பிளக்கை எடுத்தீங்கன்னா அத்தனையும் நேரா சிலிண்டருக்குள்ள. முதல்ல ஏர் அடிச்சு ஊதிட்டு (கண்ணாடி போட்டுக்கோங்க, எல்லாம் முகத்துக்குத்தான் வரும்) அப்புறம் கழட்டுங்க. குழிக்குள்ள ஆயில் நின்னா பிளக் மேல பழி போடாதீங்க, அது வால்வ் கவர் பக்கத்து சீல் லீக்.

காயில் கனெக்டர் லாக்கை ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பி உடைக்கிறதும் அடிக்கடி நடக்குறதுதான், பழைய பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். முதல்ல உள்பக்கமா ஒரு தள்ளு தள்ளி, லாக்கை அமுக்கி, அப்புறம் இழுங்க. காயில் இல்லாம ஒயர் வர்ற பழைய வண்டின்னா ஒவ்வொரு பிளக்கா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க, நாலு ஒயரையும் உருவிப் போட்டா எது எங்கன்னு மறந்துடும்.

டூல்ஸ்ல காசு மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே சாமான் சாக்கெட். 16 மி.மீ.யா 21 மி.மீ.யா, இல்ல சில வண்டில வர்ற மெல்லிசான 14 மி.மீ.யான்னு பாத்து வாங்குங்க, உள்ள காந்தமோ ரப்பரோ இருக்கணும். சாதாரண நீள சாக்கெட்ல கழட்டினா ஆட்டத்துல பிளக்கோட வெள்ளைப் பீங்கான் கீறல் விடும், கண்ணுக்குக்கூட தெரியாது, ஆனா ஏத்தத்துல ஆக்சிலேட்டர் மிதிச்சா திக்கும்.

கை தவறி கீழ விழுந்த பிளக்கையும் மாட்டாதீங்க, கேப் (பிளக் முனைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி) மாறியிருக்கும், இல்லன்னா பீங்கான் கீறல் விட்டிருக்கும். இரிடியம் பிளக்ல கேப் அளக்குற அந்த வட்டக் காசு மாதிரி கேஜை உள்ள திணிச்சு நெம்பாதீங்க, நடு முனை 1 மி.மீ.கூட தடிமன் இல்ல, படக்னு உடையும். ஒயர் கேஜ் விட்டு அளந்து மட்டும் பாருங்க, கேப் தப்பா இருந்தா மாத்திக் குடுக்கச் சொல்லுங்க.

பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு வேற நம்பர் பிளக் வாங்குறது இன்னொண்ணு. மரை நீளம் கூடினா பிஸ்டன்ல இடிக்கும். ஹீட் ரேஞ்ச் (பிளக் எவ்வளவு வேகமா சூட்டை வெளிய விடுதுங்கிற அளவு) நம்பரையும் பிராண்டுக்கு பிராண்டு ஒப்பிடாதீங்க, என்ஜிகே, டென்சோல நம்பர் கூடினா கூல் பிளக், பாஷ்ல நம்பர் கூடினா ஹாட் பிளக், அப்படியே தலைகீழ்.

கழட்டுன பழைய பிளக்கை சிலிண்டர் வரிசையிலயே வச்சுப் பாருங்க. நாலும் வெளிர் பழுப்புன்னா இன்ஜின் நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் ஈரமா ஆயில் அப்பியிருந்தா அந்த சிலிண்டருக்கு பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேஞ்சிருக்கலாம், புது பிளக்கும் சீக்கிரமே அதே மாதிரி ஆகிடும்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணதும் வண்டி உதறுச்சுன்னா பதறாதீங்க, ஆஃப் பண்ணிட்டு காயில் கனெக்டரை ஒவ்வொண்ணா அமுக்கிப் பாருங்க, பாதி நேரம் ஏதோ ஒண்ணு 'க்ளிக்' ஆகாமத்தான் உக்காந்திருக்கும்.