சேலம் – தூத்துக்குடி: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் டிக்கெட் புக்கிங் கடை வைத்திருந்தால் விதவிதமான கேள்வி வரும். "ணா, சேலத்துலேந்து தூத்துக்குடிக்கு பிளைட்டுல எவ்ளோ நேரம் ஆவும்?" என்பது அதில் ஒன்று. நெட்டில் தேடினால் 340 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே என்று வரும். கணக்கு சரிதான். ஆனால் அதை நம்பிக் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஏனென்று, போட்டுப் பார்த்தாலே புரியும்.

படி 1: கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. சேலம் (ஓமலூர் பக்கம் காமலாபுரம்) 11.78, 78.07. தூத்துக்குடி (வாகைக்குளம்) 8.72, 78.03.

படி 2: தீர்க்கரேகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது, தூத்துக்குடி சேலத்துக்கு நேர் தெற்கே இருக்கிறது. அட்சரேகையை மட்டும் கழித்தால் போதும்: 3.06. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 340.

படி 3: இந்த ரூட்டுக்கு ஏற்றது ஏடிஆர் விமானம். இறக்கையில் காற்றாடி சுற்றுமே, அதுதான். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். 340-ஐ 500-ஆல் வகுத்தால் 0.68. இதை 68 நிமிடம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. 60-ஆல் பெருக்க வேண்டும், 41 நிமிடம். ரன்வேக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேர்த்தால் ஒரு மணி பத்து நிமிடம்.

இனிதான் விஷயமே. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானம் இல்லை. சென்னை மாதிரி ஒரு பெரிய ஊருக்கு வந்து மாறித்தான் போகவேண்டும். சின்ன விமான நிலையங்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். அதனால் இரண்டு துண்டாகக் கணக்குப் போடுங்கள்.

படி 4: சென்னை வழியாகப் போவதாக வைத்துக்கொள்வோம். மீனம்பாக்கம் 12.99, 80.17. இப்போது தீர்க்கரேகையும் மாறுவதால் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேவை. நம் பக்கம் தீர்க்கரேகை டிகிரிக்கு 109 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம். சென்னை–தூத்துக்குடிக்கு: வடக்கு தெற்காக 4.27 × 111 = 474. கிழக்கு மேற்காக 2.14 × 109 = 233. இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 528. இதே முறையில் சேலம்–சென்னை 265. மொத்தம் 793 கிலோமீட்டர், நேர்க்கோட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு இந்த முறை பிசகும். அதற்குப் பூமியின் வளைவைச் சேர்த்த வேறு சூத்திரம் இருக்கிறது.

நேரம்? ஒரு மணி, ஒன்றரை மணி, ஆக இரண்டரை மணி. நடுவில் மீனம்பாக்கத்தில் உட்காரும் நேரம் தனி. அது நாலு மணி நேரமானால், தண்டையார்பேட்டை சொந்தக்காரர்கள் மெட்ரோ பிடித்து வந்து பார்த்துவிட்டே போகலாம்! மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது என்பதையும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன். எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

விமானம்தான் என்று முடிவு செய்தால், இரண்டு துண்டையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் அந்த நஷ்டம் உங்களுடையது.