பழைய ஆர்கேட் பெட்டியைத் திருத்த: பிளக்கைச் செருகுவதற்கு முன்னும் பின்னும்

ஆர்கேட் பெட்டி என்பது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் இயந்திரம். ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட்டுக்கும் அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. கொழும்பில் வீட்டுச் சுவரில் வருவது 230. ஆகவே பெட்டி வந்திறங்கியதும் ‘ஓடுதா பார்ப்பம்’ என்று செருகிவிடாதீர்கள். பின்கதவைத் திறந்து பெயர்த்தகட்டைப் படியுங்கள். 150 வாட்ஸ் என்றிருந்தால் 300 தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும். ஏனெனில் திரையின் காந்தத்தன்மையை நீக்கும் டீகோஸ் சுருள் தொடக்கத்தில் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரியுங்கள். மலிவானவை பெரும்பாலும் ஓட்டோ டிரான்ஸ்போமர்கள்: வோல்ட்டைக் குறைக்கும், லைனிலிருந்து பிரிக்காது. பல மொனிட்டர்களின் சேசிஸ் (உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை) லைனோடு நேரே தொடுப்புள்ளது. எனவே லைனிலிருந்து பிரிப்பதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்போமரை ஒருபோதும் கழற்றிவிடக் கூடாது.

பிக்சர் டியூப் 20,000 வோல்ட் அளவுக்குச் சார்ஜைத் தேக்கி வைத்திருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். நன்றாக இன்சுலேட் செய்த நீள ஸ்க்ரூட்ரைவரின் தண்டில் கிளிப் வயரின் ஒரு நுனியையும், டியூபைச் சுற்றியுள்ள பின்னல் எர்த் வயரில் மறுநுனியையும் மாட்டுங்கள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். டியூபின் மேல் தடித்த வயர் வந்து சேரும் அனோட் ரப்பர் மூடிக்கு அடியில் நுனியைச் செலுத்தி உலோகத்தைத் தொடுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். மீதிச் சார்ஜ் மெல்லத் திரும்பி வரும். பழக்கமில்லாதவர்கள் பழைய டியூப் டீவி திருத்துபவரைக் கூப்பிடுவதே சரி.

அடுத்தது பவர் சப்ளை. புதிய ஸ்விட்ச்சிங் சப்ளை போடுவதானால் 110/220 ஸ்விட்ச் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 110-இல் விட்டு 230-இல் செருகினால் அந்தக் கணமே வெடிக்கும். கேம் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் வெறும் சப்ளையின் வோல்ட்டை அளந்து பாருங்கள். கேம் போர்டைப் பெட்டியின் வயர்களோடு இணைக்க 1985-இல் வந்த பொதுத்தரமான ஜம்மா (JAMMA) இணைப்பில் 56 முனைகள்: போர்டில் சிப்புகள் பொருத்திய பக்கத்தில் 1, 2 கிரவுண்ட், 3, 4 +5 வோல்ட், 5 -5 வோல்ட், 6 +12 வோல்ட். போர்டை மாட்டிய பின் +5-ஐ போர்டின் விளிம்பிலேயே மறுபடியும் அளக்க வேண்டும், ஏனெனில் வயரிலும் கறுத்த முனைகளிலும் வோல்ட் விழும். 4.95 முதல் 5.10 வரை நல்லது. 4.75-க்குக் கீழே போனால் கேம் தானாக ரீசெட் ஆகலாம்; 5.25-ஐத் தாண்டினால் சிப்புகள் கெடலாம். முனைகளை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்தாலே பல ‘செத்த’ போர்டுகள் உயிர்பெறும்.

படம் நெளிந்தாலோ சுருங்கினாலோ மொனிட்டரின் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களை மாற்றுங்கள்: அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை தாங்குபவை, துருவம் மாறாமல். நடுவில் ஒரே கிடைக்கோடு மட்டும் தெரிந்தால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்ட்டிகல் பகுதி பழுது. கோடு டியூபில் பதிந்துவிடும், உடனே அணையுங்கள். டியூபுக்கு உயர் வோல்ட் தரும் ஃபிளைபேக் டிரான்ஸ்போமரின் கால்களைச் சுற்றி ஈயம் மோதிரம் போல வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே மறுபடி ஈயம் வைத்தால் போதும்.

பட்டன்களில் மைக்ரோஸ்விட்ச் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

மரத்துக்குத்தான் கொழும்பு காற்று எதிரி. சிப்போட்டின் அடிப்பகுதி ஈரம் குடித்து உப்பியிருந்தால் பட்டி பூசி மறைக்காதீர்கள், மறுபடி உப்பும். கெட்ட பகுதியை நேராக வெட்டி எடுத்து அதே தடிப்பில் பிளைவூட் வைத்து ஒட்டுங்கள். வெட்டு முகங்களை வார்னிஷால் மூடுங்கள். நாளாந்தம் தரை துடைக்கும் வீட்டில் பெட்டி 3 சென்ரிமீற்றராவது உயர்ந்து நிற்கும்படி ரப்பர் கால் போடுங்கள். கறையானுக்கு அடிப்பலகையில் மருந்து பூசி, காய்ந்த பிறகே சுவரோடு வையுங்கள், காற்றுக்கு நாலு விரல் இடைவெளி விட்டு.