யுட்டோபியா பெண்களைப் பார்த்து நம் மண்ணை பாத்திக்கில் வரைவது எப்படி

ஆஸ்திரேலியப் பாலைவன ஓவியம் என்றதும் பலரும் உடனே புள்ளி வைக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் குறிகள் குறிப்பிட்ட இடத்துக்கும் குடும்பத்துக்கும் சொந்தம். உரிமை இல்லாத கதையை அந்தப் பாலைவன ஓவியர்களே வரைவதில்லை. தன் நிலத்தைத் தெரிந்துகொண்டு வரைகிற பழக்கத்தை மட்டும் நாம் கற்றுக்கொள்ளலாம். பினாங்குக்காரர்களுக்கு இது ரொம்பப் பக்கம், ஏனென்றால் நடு ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு வடகிழக்கே இருக்கிற யுட்டோபியாவின் பழங்குடிப் பெண்கள் 1977-ல் நம்ம ஊர் பாத்திக்கில்தான், அதாவது மெழுகால் கோடு போட்டுத் துணிக்குச் சாயம் ஏற்றும் வேலையில்தான், தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான எமிலி காமே குங்வாரே பல வருடம் மெழுகும் சாயமுமாக வேலை செய்துவிட்டு, எழுபது வயதைத் தாண்டித்தான் கேன்வாஸுக்கு வந்தார். 1996-ல் இறக்கும்வரை அவர் திரும்பத் திரும்ப வரைந்தது தன் ஊர்க் காட்டுக்கிழங்கு.

முதலில் ஒரே ஒரு செடி. நான் சொல்வது மரவள்ளி. மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தோட்டத்து ஜனங்கள் அரிசி கிடைக்காமல் இதைத் தின்றுதான் பிழைத்தார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எப்போது தோண்டுவது, தூரடியில் மண் வெடித்தால் என்ன அர்த்தம், கசப்பு மரவள்ளியின் விஷம் போக என்ன செய்தார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை பென்சிலைத் தொடாதீர்கள், வேலையில் பாதி இதுதான்.

அப்புறம் துணியைத் தரையில் விரித்து, மேலிருந்து பார்ப்பதுபோல் யோசியுங்கள். இலையை அழகாக வரைவதைவிட, மண்ணுக்குள் கிழங்கு எந்தப் பக்கம் ஓடுகிறது, வெடிப்பு எங்கே, தோண்டுகிறவர் எங்கே உட்காருவார் என்று கோடுகளைப் போடுங்கள். குறிகள் நீங்களே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.

மற்றது நமக்குத் தெரிந்த வேலை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சாந்திங்கால் (உருக்கிய மெழுகு ஊற்றிக் கோடு போடும் மூக்குள்ள கருவி) மெழுகுக் கோடு போடுங்கள். கோடு துணியின் மறுபக்கம் வரை இறங்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் கசியும். மெழுகு புகைந்தால் சூடு அதிகம், அடுப்பை அணையுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூடுங்கள். பிறகு சாயம் தீட்டி, அது காய்ந்ததும், சாயம் துணியில் பிடிக்க சோடியம் சிலிக்கேட் பூசி ஒரு ராத்திரி விட்டு, அலசி, சோடா சாம்பல் போட்ட கொதிநீரில் மெழுகை எடுத்தால் சரி.

கடைசியாக, துணியோடு ஒரு சீட்டு வையுங்கள்: என்ன செடி, எந்த இடம், சொன்னவர் யார். பாலைவனக் கலை மையங்களும் ஓவியத்தோடு கலைஞர் பெயரும் கதையும் எழுதிய சான்றிதழ் தருகின்றன. உங்களுக்குச் சொன்ன பாட்டியிடம், இதை வெளியே காட்டலாமா என்று கேட்டுவிட்டுப் பெயரை எழுதுங்கள்.