எமிட்டன்ஸ் அளக்க ஒரு குவாடும் ஒரு திரையும் போதும்

எக்ஸ்கதிர் லேசருக்குப் போற எலக்ட்ரான் கற்றை எவ்வளவு ஒடுக்கமா, சிதறாமப் போகுதுன்னு சொல்ற எண்தான் எமிட்டன்ஸ். 2009-ல் 1.5 ஆங்ஸ்ட்ராமில் லேசர் கொடுத்த அமெரிக்காவின் எல்.சி.எல்.எஸ்-ஸில், இன்ஜெக்டர் (கற்றை பிறக்கற முதல் பகுதி) முடிவில் 135 மெகா எலக்ட்ரான்வோல்ட்டிலேயே இதை அளந்துடறாங்க. வழி இதுதான்: குவாடு, அதாவது கற்றையைக் குவிக்கற நாலு துருவக் காந்தம், அதோட மின்னோட்டத்தை மாத்தி மாத்தி, கற்றை பட்டா ஒளிர்ற திரையில் கற்றையோட அகலம் எப்படி மாறுதுன்னு பாக்கறது. கோயமுத்தூர்ல உட்கார்ந்து பழக ஓசலாட்ங்கற கற்றைக் கணக்கு மென்பொருள் போதுங்க. பைத்தான், காசு கிடையாது. அதே வேலை செய்யற எலிகன்ட்டும் நல்லதுதான், ஆனா புதுசா வர்றவங்களை அதோட உள்ளீட்டுக் கோப்பே விரட்டிடும்.

1. குவாடின் நடுவிலிருந்து திரை வரை தூரம் எடுங்க, விளிம்பிலிருந்து வேண்டாம். இடையில் இருக்கற மத்த குவாடெல்லாம் அணைஞ்சிருக்கணும்.

2. கேதோடிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பற லேசரின் ஷட்டரை மட்டும் மூடிப் பின்னணிப் படம் பிடிங்க. ஆர்.எஃப் (முடுக்கற ரேடியோ அலை) ஓடட்டும், அதையும் நிறுத்தினா டார்க் கரன்ட் (லேசர் இல்லாமலே கிளம்பற எலக்ட்ரான்கள்) கழிபடாது. 12 பிட் கேமராவில் வெளிச்ச எண்ணின் உச்சம் 4095. கற்றைப் படத்தில் 3000-ஐத் தாண்ட விடாதீங்க.

3. சறுக்கற இடம் இதுதான். குவாடின் இரும்பு பழைய காந்தத்தைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கும். அதே ஆம்பியருக்கு ஏறும்போது ஒரு புலம், இறங்கும்போது வேறொரு புலம். கணபதி, பீளமேட்டுப் பட்டறையில் லேத் ஓட்டறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: பேக்லாஷ் (திருகில் இருக்கற தளர்வு) இருக்கறதால கைப்பிடியை ஒரே திசையில்தான் கொண்டுவருவாங்க. அதேதான் இங்கயும். மின்னோட்டத்தை உச்சத்துக்கும் அடிக்கும் மூணு தடவை ஏத்தி இறக்குங்க, அப்புறம் ஒரே திசையில் 11 புள்ளி. ஒண்ணைத் தாண்டிட்டா பின்னால வராதீங்க. மறுபடி முதல்ல இருந்து சுத்துங்க.

4. புள்ளிக்குப் பத்துப் படம். நடுவில் கற்றை மிகக் குறுகிற இடம் வரணும். இரு ஓரத்திலும் அகலம் அதைப்போல இரண்டு மடங்காவது இருக்கணும்.

5. அகலத்தைப் பொருத்தாதீங்க, அகலத்தின் வர்க்கத்தைப் பொருத்துங்க:

அகலம்² = அ·வ² + ஆ·வ + இ
எமிட்டன்ஸ் = √(அ·இ − ஆ²/4) ÷ தூரம்²

வ என்பது குவாடின் வலு (1/மீட்டர்). அ, ஆ, இ பொருத்தும்போது கிடைக்கற எண்கள், தூரம் முதல் படியில் எடுத்தது. குவாடின் நீளம் குவியத்தூரத்தை விட ரொம்பக் குறைவா இருந்தாத்தான் இந்தச் சூத்திரம் செல்லும். ஆற்றலைப் பொறுத்து மாறாத எமிட்டன்ஸ் கிடைக்க, வந்த எண்ணை 264-ஆல் (135 ÷ எலக்ட்ரானின் நிலை ஆற்றல் 0.511) பெருக்குங்க, அரை மைக்ரான் பக்கம் வந்தா அருமை. வேருக்குள்ள குறை எண் வந்தா, பெரும்பாலும் குறுகிய இடத்தைத் தாண்டவே இல்லைன்னு அர்த்தம்.

பொருத்தறதுக்கு முன்னாடி திரையின் பிரிதிறனைக் கழிக்க மறக்காதீங்க, அதுவும் வர்க்கத்தில்: 60 மைக்ரான் அளந்து, பிரிதிறன் 20-ன்னா உண்மை 56.6.

பின்சேர்க்கை: யாக் (எலக்ட்ரான் பட்டா ஒளிர்ற படிகம்) திரையில் குறுகிய இடம் மட்டும் தட்டையா வருதுன்னா அந்தத் திரை செறிஞ்சுடுச்சு, அதாவது இனி அதுக்கு மேல ஒளிர முடியல, எமிட்டன்ஸ் கூடத்தான் காட்டும். ஓ.டி.ஆர் (எலக்ட்ரான் உலோகப் பரப்பைக் கடக்கும்போது வர்ற ஒளி) திரைக்கு மாறுங்க. ஆனா எலக்ட்ரான் கொத்தை நீளவாக்கில் சுருக்கற பஞ்ச் கம்ப்ரஸருக்கு அப்புறம் அதையும் நம்பாதீங்க. நுண்கொத்துகள் சேர்ந்து ஒளிர்றதால ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் தாவும், படம் கற்றையோட உருவத்தைக் காட்டாது. எல்.சி.எல்.எஸ்-ஸிலும் இதே தொல்லை வந்துதான் கற்றைக்குக் குறுக்கே மெல்லிய கம்பியை ஓட்டி அளக்கற வயர் ஸ்கேனருக்குப் போனாங்க.