லாலிபெலாவில் கேமராவைத் தூக்கும் முன்

ஜெருசலேம் போவதற்கென்றே வருடக்கணக்கில் காசு சேர்க்கிற குடும்பங்கள் டர்பனில் உண்டு. நம் ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே ஒரு ஜெருசலேம் இருக்கிறது என்றால் ஆச்சரியப்படுவார்கள். எத்தியோப்பியாவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாலிபெலா அது. கல் அடுக்கிக் கட்டாமல், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த 11 கிறிஸ்தவக் கோவில்கள். குறுக்கே ஓடும் ஓடைக்குக்கூட யோர்தான் என்றுதான் பெயர். ஜோஹன்னஸ்பர்க்கில் ஏறி, அடிஸ் அபாபாவில் விமானம் மாறினால் போய்விடலாம். லாலிபெலா இருக்கும் அம்ஹாரா பகுதியில் 2023 முதல் சண்டை நடப்பதால், டிக்கெட் போடும் முன் நிலவரத்தை விசாரிக்காமல் இருப்பதுதான் முதல் தவறு.

அடுத்த தவறு நாங்களே செய்தது. "3 மணிக்கு வருகிறேன்" என்றார் வழிகாட்டி. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தானே என்று நிதானமாக இருந்தோம். அவரோ காலை 9 மணிக்கே வாசலில் வந்து நின்றார். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம் 7 மணி அவர்களுக்கு 1 மணி. விடியலிலிருந்து நாழிகை எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், இதில் ஏமாந்திருக்கக் கூடாது! எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் கோவில்களைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் ஒரு காலைப் பொழுது போனால் பாதி நாள் போன மாதிரி.

உள்ளே போனதும் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவர்களைப் பார்த்தேன். அது மக்தஸ், நம் கருவறை மாதிரி. தாபொத் என்ற புனிதப் பலகை அங்கேதான் இருக்கிறது. குருமாரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கக் கூடாது, ஊர்வலத்தில் வரும்போதுகூடத் துணி போர்த்தித்தான் வரும். திரையை விலக்கிப் படமெடுக்க நினைப்பது, நம் கோவிலில் அர்ச்சகரைத் தள்ளிவிட்டு மூலவரைப் படமெடுப்பதற்குச் சமம்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். சிலுவையைக் கையில் ஏந்திப் படத்துக்கு நிற்கும் குருமாரில் சிலர் ஃப்ளாஷ் தாங்காமல் கறுப்புக் கண்ணாடியே போட்டுக்கொள்கிறார்கள். வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் அது நம் மாதிரி ஆட்கள் செய்த வேலை. கேமராவின் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) கூட்டி, தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்து எடுங்கள். பக்தர்கள் எல்லோரும் வெள்ளைத் துணி போர்த்தியிருப்பார்கள். பின்னால் இருட்டுப் பாறை. கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து வெள்ளையை வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியை, ஒரு படி குறைத்தால் துணியின் மடிப்பும் தெரியும், முகமும் நிற்கும். முகம் எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள். ஜெபத்தில் இருப்பவரிடம் கேட்கக்கூடப் போகாதீர்கள்.

எல்லோரும் தேடி வருவது சிலுவை வடிவத்தில் நிற்கும் பேத்த கியோர்கிஸ் கோவிலை. கூரையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செதுக்கிய சிலுவைகள் சாய்ந்த வெயிலில்தான் எடுப்பாகத் தெரியும்; ஆனால் அந்த நேரம் கீழே குழி முழுக்க நிழல். அதனால் ஒரே தடவையில் எல்லாம் கிடைக்காது. மாலையில் மேலிருந்து ஒரு தடவை, வெயில் ஏறிய காலையில் கீழே இறங்கி ஒரு தடவை போக வேண்டும். விளிம்பில் நின்று பின்னால் நகர்ந்தபடி செல்ஃபி எடுக்காதீர்கள், பள்ளம் பத்து மீட்டருக்கு மேல். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் அடிஸ் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

செருப்பு கழற்றுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் தடித்த காலுறை போடாமல் போகாதீர்கள், பழைய கம்பளங்களில் தெள்ளுப்பூச்சி உண்டு.

ஜனவரி 7 அவர்களுடைய கிறிஸ்துமஸ், கென்னா. புனித வெள்ளியன்று டர்பனை அடுத்த மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலில் நெரிசல் பட்டவர்களுக்குக்கூட அன்று லாலிபெலாவில் கூடும் கூட்டம் மலைப்பாக இருக்கும். அதற்கு முன் 40 நாளுக்கு மேல் விரதம். ஈஸ்டருக்குப் பிந்தைய 50 நாள் தவிர, புதன், வெள்ளியும் விரதம். அந்த நாட்களில் இறைச்சி கிடைக்கவில்லை என்று கடையில் முகம் சுளிக்காதீர்கள். தோசை மாதிரியான இன்ஜெரா மேல் பருப்பும் கீரையும் வைத்துக் கொண்டுவந்தபோது அம்மா தட்டைப் பார்த்துச் சிரித்தார். "இது நம்ம புரட்டாசிச் சாப்பாடுதானே" என்று இன்னொரு தட்டு கேட்டார்.