ஒற்றைக் கண்ணால் பாருங்கள்: பார்வைக் கோளாறு எங்கே என்று வீட்டிலேயே அறிய

பார்வை மங்கினால் பெங்களூரில் நம்மவர்கள் முதலில் ஏறுவது சிவாஜிநகரிலோ அல்சூரிலோ இருக்கும் கண்ணாடிக் கடைப் படியைத்தான். பவர் மாறியிருந்தால் அது போதும். விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டிருந்தால் எந்தக் கண்ணாடியும் சரிசெய்யாது. 'புதுக் கண்ணாடி இன்னும் பழகலை' என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடிவிடும். கீழே உள்ள சோதனைகளால் நோய் இன்னதென்று முடிவு கட்ட முடியாது. எவ்வளவு அவசரம், டாக்டரிடம் என்ன சொல்வது என்பது பிடிபடும்.

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும். அதனால் எல்லாமே ஒற்றைக் கண்ணால்தான். வழக்கமான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைக் குழித்து மற்றக் கண்ணை மறையுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே தெரியும். அழுத்தினால் கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மங்கலாகவே இருக்கும்.

தடித்த அட்டையில் 1 மி.மீ. அளவுக்கு ஊசித்துளை போட்டு, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். துளை வழியே எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் பவர் பிரச்சினை. தெளியாவிட்டால் கண்புரை, விழித்திரை, நரம்பு என்று தேட வேண்டும்.

அடுத்து, 10 செ.மீ. சதுரத்தில் 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். படிக்கிற கண்ணாடியோடு, 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, புள்ளியை மட்டும் பாருங்கள். கோடு வளைந்து நெளிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு. நரம்புக் கோளாறில் கோடு பொதுவாக வளையாது. ஒரு இடம் மங்கும் அல்லது காணாமல் போகும்.

நரம்பைப் பிடிக்கச் சிவப்பு நிறம் நல்ல கருவி. பளிச்சென்ற சிவப்பு பாட்டில் மூடியை மாற்றி மாற்றி ஒவ்வொரு கண்ணாலும் பாருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் வெளிறியோ பழுப்பாகவோ தெரிந்தால் அந்தப் பக்கப் பார்வை நரம்பைச் சந்தேகிக்கலாம், எழுத்தெல்லாம் படிக்க முடிந்தாலும்கூட. கண்ணை அசைத்தால் வலி, வெந்நீரில் குளித்ததும் மங்கல் என்றால் நரம்பு அழற்சியாக இருக்கலாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் மாத்திரை சிலருக்கு இரண்டு நரம்புகளையும் சேர்த்தே பாதிக்கும். அப்போது ஒப்பிட நல்ல கண் இருக்காது. பக்கத்தில் இருப்பவரிடம் நிறத்தைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் அன்றே மருந்து தரும் மையத்தில் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பக்கப் பார்வைக்கு ஒருவர் துணை வேண்டும். 1 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே உட்காருங்கள். உங்கள் வலக்கண்ணை மூடினால் எதிரில் இருப்பவர் இடக்கண்ணை மூட வேண்டும். ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்தபடி இருக்க, அவர் இருவருக்கும் நடுவே விரலை ஆட்டிக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரட்டும்: மேல், கீழ், இரு பக்கம். அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத இடமே குறை. விரலைத் தேடிக் கண் ஓடினால் சோதனை வீண்.

'இடக்கண் போச்சு' என்று வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பாதி போயிருக்கும். வரியின் முதல் எழுத்துகள் விடுபடும், இடப்பக்கக் கதவு நிலையில் தோள் இடிக்கும். கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். பக்கவாதம் ஒரு முக்கியக் காரணம். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் குறைந்தால், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தைப் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள்.

கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இந்த வீட்டுச் சோதனைகளில் ஆரம்பத்தில் சிக்கவே சிக்காது. வலி இல்லை, நடுப்பார்வையும் கடைசிவரை இருக்கும், குறைந்த இடத்தை மூளை நிரப்பிவிடும். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் வழக்கமான 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருந்தும் நரம்பு தேய்வதுண்டு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால், ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டிருந்தால், நரம்பைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நாளை பார்க்கலாம் என்று தள்ளக் கூடாதவை: வலியே இல்லாமல் திடீரென ஒரு கண் இருட்டுதல் அல்லது பாதிப் பார்வை போதல் (பக்கவாதம் போலவே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு), மின்னலும் கரும்புள்ளிகளும் திரை இறங்குவது போன்ற நிழலும், சிவந்த கண்ணோடு தலைவலி, வாந்தி. கடைசியதை ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுப்பவர்கள் அதிகம்.

அவசரமில்லை என்றால் சாமராஜ்பேட்டையில் உள்ள அரசு மிண்டோ கண் ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டு, சாப்பிடும் மருந்துகளின் அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். கன்னடத்தில் 'எடகண்ணு' இடக்கண், 'பலகண்ணு' வலக்கண். கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டே படிக்க முடியாது, வெளிச்சம் கூசும். ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு யாரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள்.